பழைய ஹெரால்டு காருக்கு இழுவை குறைந்துவிட்டதா? கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம்!

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் செய்பவரை அழைத்தால், பல நேரங்களில் வரும் முதல் பதில் "பார்மட் பண்ணிடலாம் சார்" என்பதுதான். பழைய கார் மேட்டில் இழுக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் போனாலும் இதே கதைதான். "இன்ஜினை இறக்கிடலாம் சார்" என்பார். இரண்டு பதிலிலும் உள்ள குறை ஒன்றே. என்ன கோளாறு என்று அளந்து பார்க்காமல் சொல்லப்படுபவை அவை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டு, படம், கடிதம் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் இரண்டு இலவச மென்பொருள்களைக் கொண்டு ஒரு பழைய காரின் இன்ஜினைப் பரிசோதிக்கப் போகிறோம். ஒன்று லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க். மற்றொன்று ஆடாசிட்டி. எக்ஸெல் வைத்திருப்பவர்கள் கால்க்குக்குப் பதிலாக அதையே பயன்படுத்தலாம். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். அட்டவணை, சூத்திரம், வரைபடம், ஒலிப்பதிவு ஆகிய நான்கும் இதிலேயே பழகிவிடும்.

நம்ம ஊர் கார்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் தினமும் போகிறவர்கள் பலருக்கு அங்கே ஒரு கார் தொழிற்சாலை இருந்தது தெரியாது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு காரை 1961 முதல் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் இங்கே தயாரித்தார்கள். பிறகு நான்கு கதவு மாடலும் வந்தது. 1970களில் கெஸல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று தொடர்ந்து, 1988-இல் கார் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது.

ஹெரால்டை வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகலோட்டி. இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை நீளம் குறைத்துத்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. நம் ஹெரால்டுகளும் சோழவரம் பந்தய மைதானத்தில் ஓடியிருக்கின்றன. கீழே சொல்லும் முறை ஸ்பிட்ஃபயருக்கும் அப்படியே பொருந்தும். கார்புரேட்டர் வைத்த எந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இன்றைய கார்களில் ஓபிடி என்ற இணைப்பு இருக்கிறது. கருவியைச் செருகினால் கோளாறின் எண்ணைக் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். ஹெரால்டில் அது கிடையாது. அதனால் கம்ப்யூட்டரைக் காருடன் இணைக்கப் போவதில்லை. அளவுகளை நாம் எடுக்கிறோம், கணக்கைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

என்ன நடந்தது?

பெருங்களத்தூரில் இருக்கும் என் பெரிய மாமாவிடம் 1969-ஆம் வருட ஹெரால்டு ஒன்று இருக்கிறது. தாத்தா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஆசையாக வாங்கிய பழைய கார் அது. சில மாதங்களாக அதற்கு இழுவை இல்லை. தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டாம் கியருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ரிங் போயிடுச்சு, ரீபோர் பண்ணணும், எழுபதாயிரத்துக்குக் குறையாது" என்று சொல்லிவிட்டார். மாமா காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் குடுங்க மாமா, அளந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல கார் ரிப்பேர் பண்ணப் போறியாடா?" என்று சிரித்தார். ஆனாலும் சாவியைக் கொடுத்தார்.

முதலில் நானே ஒரு தவறு செய்தேன். எதையும் அளக்காமல் பிளக்குகள், பாயின்ட் இரண்டையும் ஒரே நாளில் மாற்றினேன். வண்டி கொஞ்சம் தேறியது போலத் தோன்றியது. எதனால் தேறியது, உண்மையிலேயே தேறியதா என்று சொல்ல முடியவில்லை. எனவே இரண்டு விதிகளை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். முதலில் அளக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

படி 1: இழுவையை எண்ணாக மாற்றுங்கள்

"இழுக்கவில்லை" என்பது ஒரு உணர்வு. அதை எண்ணாக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க் கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தி, 60-ஐத் தொட எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஸ்பீடோமீட்டரைச் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். ஓட்டுபவரின் கவனம் சாலையில் மட்டும் இருக்க வேண்டும். நாங்கள் ஞாயிறு அதிகாலை, போக்குவரத்து இல்லாத நேரத்தில், வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் செய்தோம். காற்று, சரிவு ஆகியவற்றின் விளைவு கழிந்து போக, அதே இடத்தில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.

இப்போது கால்க்கைத் திறந்து கொள்ளுங்கள். பி1 கட்டத்தில் காரின் மொத்த எடையைத் தட்டச்சு செய்யுங்கள். ஹெரால்டு ஏறக்குறைய 800 கிலோ. இரண்டு பேர் சேர்த்து 930 என்று வைத்துக் கொள்வோம். பி2-இல் 40, பி3-இல் 60, பி4-இல் வினாடி. பிறகு பி5 கட்டத்தில் க்ளிக் செய்து கீழ்க்கண்ட சூத்திரத்தை அமைக்கவும். கட்டங்களின் பெயரை ஆங்கில எழுத்தில் தர வேண்டும்.

=பி1*((பி3/3.6)^2-(பி2/3.6)^2)/2/பி4/746

என்டர் தட்டியதும் விடை குதிரைத்திறனில் கிடைக்கும். 3.6 ஆல் வகுப்பது கிலோமீட்டர் வேகத்தை வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றுவதற்காக. 746 வாட் ஒரு குதிரைத்திறன். இது இன்ஜினின் முழுத் திறன் அல்ல, வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவான பங்கு மட்டுமே. காற்றை எதிர்ப்பதற்கும் டயர் உருள்வதற்கும் ஆகும் திறன் இதில் சேராது. ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட இது போதும்.

மாமாவின் காருக்கு 10.5 வினாடி ஆயிற்று. விடை 9.2 குதிரைத்திறன். இந்த பைலைச் சேவ் செய்து கொள்ளுங்கள். இனி எதை மாற்றினாலும் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

படி 2: செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள்

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் முதலில் பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதே வரிசைதான் இங்கும். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாயும் என்பதால் இன்ஜினை நாற்புறமும் எளிதாக அணுகலாம்.

1. சமதரையில் நியூட்ரலில் காரைத் தள்ளிப் பாருங்கள். கனமாக நகர்ந்தால் பிரேக் பிடித்துக் கொண்டிருக்கலாம். குறை இன்ஜினில் இல்லை.

2. இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் பில்டரைக் கழற்றுங்கள். ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கட்டும். கார்புரேட்டரின் த்ராட்டில் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று மற்றவர் பார்க்க வேண்டும். இணைப்புக் கம்பி தேய்ந்து, முக்கால் பங்கு மட்டுமே திறக்கும் கார்கள் உண்டு.

3. சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா, ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. மேட்டில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

5. பெட்ரோல் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். 2025-இல் நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. பழைய கால ரப்பர் குழாய்களும் பம்பின் டயாப்ரமும் எத்தனாலில் ஊறி மென்மையாகிவிடலாம். பெட்ரோல் சரியாக வராவிட்டால் வண்டி மேட்டில்தான் முதலில் திணறும்.

மாமாவின் காரில் இவை எல்லாமே சரியாக இருந்தன. என் சந்தேகம் பெட்ரோல் மீதுதான் இருந்தது. ஆனால் பம்பு நன்றாகவே தள்ளியது.

படி 3: சைலன்சர் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்

நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றுவதற்குள் நான்கு சிலிண்டரும் ஒவ்வொரு முறை வெடிக்கும். சைலன்சரில் கேட்கும் "டப் டப்" அந்த வெடிப்புகள்தான். செல்போனை சைலன்சருக்கு ஒரு மீட்டர் தள்ளி, புகை நேராகப் படாத இடத்தில் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வேவ் வடிவில் பதிவாகும்படி வைத்தால் திறப்பது சுலபம். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

பைலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஆடாசிட்டியில் பைல் மெனு, இம்போர்ட், ஆடியோ என்று க்ளிக் செய்து திறக்கவும். கன்ட்ரோல் கீயுடன் 1-ஐச் சில முறை தட்டினால் அலை பெரிதாகும். இப்போது வரிசையாகக் குன்றுகள் தெரியும். நல்ல இன்ஜினில் எல்லாக் குன்றுகளும் கிட்டத்தட்ட ஒரே உயரம். மாமாவின் காரில் மூன்று பெரியது, ஒன்று சிறியது என்று திரும்பத் திரும்ப வந்தது. நான்கில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை என்பது கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, சத்தத்திலிருந்தே சுற்று வேகத்தைக் கணக்கிடலாம். நான்கு குன்றுகள் ஒரு தொகுதி. ஐந்து தொகுதிகளை மவுஸால் தேர்வு செய்தால் அதன் நீளம் வினாடியில் கீழே தெரியும். ஐந்து தொகுதி என்பது பத்துச் சுற்று. எனவே 600-ஐ அந்த வினாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும்.

இன்ஜினை அணைத்து, முதல் சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் இரும்பில் தொடும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பதிவு செய்யுங்கள். ஓடும்போது ஒயரைத் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும். இப்படியே மற்ற மூன்றும்.

எங்களுக்குக் கிடைத்த எண்கள் இவை. எல்லா ஒயரும் இருக்கும்போது 0.75 வினாடி, அதாவது 800 சுற்று. முதல் ஒயரைக் கழற்றினால் 698. இரண்டாவது 706. மூன்றாவது 779. நான்காவது 698. மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் வேகம் அதிகம் குறையவில்லை. அந்தச் சிலிண்டர் முன்பே சும்மாதான் இருந்திருக்கிறது.

படி 4: கம்ப்ரஷன் அட்டவணை

மூன்றாவது சிலிண்டரின் பிளக்கையும் ஒயரையும் இரண்டாவதோடு இடம் மாற்றிப் பார்த்தேன். குறை மூன்றிலேயே இருந்தது. ஆகவே பிளக், ஒயர் குற்றவாளி அல்ல. அடுத்தது கம்ப்ரஷன் கேஜ். இதை வாங்கத் தேவையில்லை, பட்டறையில் வாடகைக்குக் கிடைக்கும்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். காயிலுக்குப் போகும் இணைப்பை எடுத்துவிடுங்கள். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக் கொண்டு, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை ஸ்டார்ட்டரை இயக்குங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள்.

கால்க்கில் புதிய ஷீட் ஒன்றில் ஏ பத்தியில் சிலிண்டர் எண், பி பத்தியில் ஆயில் இல்லாமல், சி பத்தியில் ஆயிலுடன் என்று தலைப்பிட்டு எண்களை நிரப்புங்கள். எங்கள் அட்டவணை பி.எஸ்.ஐ. அளவில் இப்படி இருந்தது.

சிலிண்டர் 1: 120, ஆயிலுடன் 126
சிலிண்டர் 2: 118, ஆயிலுடன் 124
சிலிண்டர் 3: 84, ஆயிலுடன் 87
சிலிண்டர் 4: 116, ஆயிலுடன் 122

எண்களைத் தேர்வு செய்து இன்சர்ட் மெனுவில் சார்ட் என்பதை க்ளிக் செய்தால் தூண் வரைபடம் வரும். மூன்றாவது தூண் மட்டும் குட்டையாக நிற்கும். காலியான கட்டம் ஒன்றில் =மின்(பி2:பி5)/மேக்ஸ்(பி2:பி5)*100 என்று கொடுத்தால், மிகக் குறைந்த அளவு மிக அதிகமான அளவில் எத்தனை சதவீதம் என்று தெரியும். இதிலும் எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். 75-க்குக் கீழே போனால் கோளாறு என்று கொள்ளலாம். எங்களுக்கு 70.

இதைப் படிப்பது எப்படி?

ஆயில் விட்டதும் குறைந்த சிலிண்டரின் அளவு நன்றாக உயர்ந்தால் ரிங் அல்லது போர் தேய்வு. ஆயில் அந்த இடைவெளியை அடைப்பதால்தான் உயர்கிறது. உயராவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்.

எங்கள் மூன்றாவது சிலிண்டர் 84-லிருந்து 87-க்குத்தான் வந்தது. எனவே ரிங் போகவில்லை. ரீபோர் தேவையில்லை. அட்டவணையைப் பார்த்துக் கொண்டிருந்த மாமா, "அப்போ எழுபதாயிரம்?" என்று மட்டும் கேட்டார்.

படி 5: காரணத்தைத் தேடுங்கள்

வால்வு மூடி, அதாவது ராக்கர் கவரைக் கழற்றி டேப்பட் இடைவெளியைப் பீலர் கேஜால் அளந்தோம். ஹெரால்டின் 948 சி.சி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இது 0.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வால்வுகளை முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக் கொள்ளுங்கள். ஒரு வால்வைச் சரி செய்ய, அதன் எண்ணோடு கூட்டினால் 9 வரும் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்படி இன்ஜினைச் சுற்ற வேண்டும். 5-ஐச் சரி செய்ய 4 திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வு 5-ஆம் எண். அதில் பீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இடைவெளியே இல்லை! ராக்கர் எப்போதும் அழுத்திக் கொண்டிருந்ததால் வால்வு முழுதாக மூடவில்லை. அழுத்தம் அந்த வழியே கசிந்தது.

இடைவெளி ஏன் மறைந்தது? அந்தக் காலத்து இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடம் வார்ப்பிரும்பிலேயே குடையப்பட்டது. அந்நாளைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த இடத்துக்கு ஒரு பாதுகாப்புப் பூச்சாக இருந்தது. ஈயம் உடல்நலத்துக்குக் கேடு என்பதால் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. அது நல்ல முடிவுதான். ஆனால் பழைய இன்ஜின்களில் புகை வால்வு சிறிது சிறிதாக இருக்கையைத் தேய்த்து உள்ளே இறங்கும். வால்வு இறங்க இறங்க டேப்பட் இடைவெளி குறையும். சத்தம் எதுவும் வராது. இடைவெளி அதிகமானால் "டிக் டிக்" என்று கேட்கும், குறைந்தால் கேட்காது. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

முடிவு என்ன?

டேப்பட்டை 0.25-க்கு வைத்தோம். வேறு எதையும் தொடவில்லை. மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷன் 112 ஆயிற்று. சதவீதம் 93. அடுத்த ஞாயிறு அதே சாலை, அதே சோதனை. 7.5 வினாடி, 12.8 குதிரைத்திறன். தாம்பரம் மேம்பாலத்தை மாமா மூன்றாம் கியரிலேயே ஏறினார். செலவு, கேஜ் வாடகையும் ராக்கர் கவர் கேஸ்கெட்டும் மட்டுமே.

இதோடு கதை முடியவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அளந்தோம். 5-ஆம் வால்வில் 0.25 இருந்த இடைவெளி 0.20 ஆகியிருந்தது. வால்வு இன்னும் இறங்கிக் கொண்டிருக்கிறது. ஆகவே ஹெட்டை மட்டும் கழற்றி, லேத் பட்டறையில் கடினமான வால்வு சீட் பொருத்தத் தீர்மானித்திருக்கிறோம். மெக்கானிக் சொன்னதில் பாதி சரி, இன்ஜினில் வேலை இருக்கிறது. எந்தப் பாதி என்பதை அட்டவணை சொன்னது.

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், அது நன்றாக ஓடும்போதே ஒருமுறை இந்த அளவுகளை எடுத்து, தேதியுடன் சேவ் செய்து, பென் டிரைவிலும் ஒரு நகல் வைத்துக் கொள்ளுங்கள். நாளை கோளாறு வந்தால் ஒப்பிடுவதற்கு எண் இருக்கும். வண்டி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும் இந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எவ்வளவு மெமரி செலவாகிறது, ஆன் செய்ததும் டெஸ்க்டாப் வர எத்தனை வினாடி ஆகிறது என்று ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள். என்றைக்காவது ஒருவர் வந்து "பார்மட் பண்ணிடலாம் சார்" என்று சொல்லும்போது, அந்த ஷீட்டைத் திறந்து காட்டிவிட்டுப் பேசலாம்.